பதினோராவது தடவை

புதன்கிழமை மத்தியானம் அக்கா தொழிற்சாலைக்குப் போன் செய்தாள். ரவாங்கில் நான் வேலை பார்த்த எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் எங்களுக்கு வரும் போன் சூப்பர்வைசர் மேசைக்குத்தான் வரும். சாவு, பிரசவம் என்றால் மட்டுமே கூப்பிட்டு விடுவார்கள். ஓடிப்போய் ரிசீவரை வாங்கினேன். சாவு இல்லை. ஆனால் அக்காவின் குரல் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

அக்கா புருஷன், அதாவது என் அத்தான், புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து எண்ணெய் ஆலையில் வேலை பார்த்தார். செம்பனைக் குலைகளை முதலில் ஆவியில் வேகவைக்க வேண்டும். அதற்கு லோரியைவிட நீளமான இரும்புக் கலன்கள் இரண்டு உண்டு. ஆட்கள் டேங்கி என்பார்கள். குலை வெந்ததும் உள்ளே இருக்கும் ஆவியை முழுக்க வெளியே விட்டுவிட்டுத்தான் கதவைத் திறக்கலாம். முன்பெல்லாம் கதவில் இருக்கும் சின்னக் குழாயைத் திருகிப் பார்ப்பார்கள். ஆவி சீறவில்லை என்றால் திறப்பார்கள்.

அந்த வருஷம் தீபாவளிக்குச் சற்று முன்னால் ஒரு கண்ட்ரோல் பெட்டி வந்து இறங்கியது. உள்ளே ஓர் எட்டு பிட் மைக்ரோகண்ட்ரோலர், விரல் நீளத்தில் ஒரு கணினிச் சில்லு. ஆவி வெளியேறும் நேரத்தை அது எண்ணும், எண்ணி முடித்ததும் பச்சை விளக்கு போட்டுக் கதவுப் பூட்டை விடுவிக்கும். மழையில் நனைந்த குலை என்றால் ஆவி அடங்க நேரம் பிடிக்கும் என்பதற்காக ஒரு பட்டனும் வைத்திருந்தார்கள். ஒரு தடவை அமுக்கினால் நாற்பத்தெட்டு வினாடி கூடும். பெட்டி வந்த பிறகு குழாயைத் திருகும் பழக்கம் நின்றுபோனது. பச்சை விளக்குதான் எல்லாம்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பச்சை விளக்கு எரிந்தது. அத்தானோடு அதே டூட்டியில் இருந்த கூட்டாளி கதவைத் திருகினார். ஆவி உள்ளேயேதான் இருந்தது. கதவு இடுக்கிலிருந்து அடித்த ஆவியில் அவருடைய இரண்டு கைகளும் கழுத்தும் வெந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

பட்டனைக் கூடுதலாகவே அமுக்கிவிட்டுத்தான் அடுத்த டேங்கியைப் பார்க்கப் போனேன் என்று அத்தான் சொன்னார். இவர் போய் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, பச்சை எரிந்துவிட்டது என்று கூட்டாளி சொன்னார். ஆலை என்ஜினியர் புதன்கிழமை காலை எல்லார் முன்னாலும் பெட்டியைச் சோதித்தார். அத்தானின் வாக்குமூலத்தில் பத்துத் தடவைக்கு மேல் என்று எழுதியிருந்ததால் பத்துத் தடவை அமுக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருக்கிறார். பன்னிரண்டு நிமிஷம் நாற்பத்தெட்டு வினாடி கழித்துத்தான் பச்சை எரிந்தது. வழக்கமான நேரம் நாலு நிமிஷம் நாற்பத்தெட்டு வினாடி, பத்து அமுக்கலுக்கு எட்டு நிமிஷம், கணக்குப்படி எவ்வளவு வர வேண்டுமோ அவ்வளவு. பெட்டி சரி என்றால் ஆள்தான் தப்பு. அத்தான் பட்டனைத் தொடவே இல்லை, இப்போது பயத்தில் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு நிமிஷம் என்று கூட்டாளி சொன்னதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. வலியில் இருக்கிற மனுஷனுக்கு நேரம் எங்கே தெரியப்போகிறது?

திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை. வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். அக்காவும் இரண்டு பிள்ளைகளும் எங்கே போவார்கள்? என்னிடம் ரவாங்கில் இருந்தது, மூன்று பெண்களோடு பங்கு போட்டுக்கொண்ட ஓர் அறை.

வியாழக்கிழமை லீவு சொல்லிவிட்டு, பத்தாங் பெர்ஜுந்தையில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். உண்மையைச் சொல்வதென்றால் எனக்கும் கோபம் அத்தான் மேல்தான். அவர் அவ்வப்போது தண்ணி போடுகிறவர். நான் பொறுமையாகப் பேசிப் பழகியவளும் அல்ல. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, அன்றைக்குக் குடித்திருந்தீர்களா என்றுதான் கேட்டேன். அக்கா என்னை முறைத்தாள். அத்தான் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். டூட்டியில் ஒரு நாளும் தொட்டதில்லை என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

சாயங்காலம் தண்ணீர் பிடிக்க அக்காவோடு போனேன். குழாயடியில் கூட்டாளியின் மனைவி நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பாதி நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அக்கா குழாயைத் திறந்தாள். வாளி நிறைந்து வழிந்த பிறகும் அவள் குழாயை மூடாமல் நின்றதைப் பார்த்தபோதுதான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

மறுநாள் காலை ஆலைக்குப் போய் என்ஜினியரைப் பார்த்தேன். கெட்டவர் இல்லை, என்னைவிட நாலைந்து வயது மூத்த மலாய்க்காரர். பெட்டிக்குள் இருக்கும் புரோகிராமைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று மலாயில் கேட்டேன். நான் எங்கே வேலை செய்கிறேன், என்ன படித்தேன் என்று விசாரித்தார். இரண்டு வருஷத் தொழில்நுட்பப் படிப்பு, இப்போது பழுதான பலகைகளைச் சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன் என்றேன். பெட்டி விற்றவர்கள் அதே புரோகிராமைப் பதிந்து உபரியாகக் கொடுத்திருந்த நினைவகச் சில்லை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். திங்கட்கிழமை பத்து மணிக்குள் அது மேசைக்குத் திரும்ப வேண்டும். எந்தச் சில்லும் இதுவரை பொய் சொன்னதில்லை என்றும் சிரிக்காமல் சொன்னார்.

நான் அவரிடம் சொல்லாத ஒன்று இருந்தது. அந்த மைக்ரோகண்ட்ரோலரின் எந்தக் காலில் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். உள்ளே அது என்ன பாஷை பேசுகிறது என்பது சுத்தமாகத் தெரியாது. வகுப்பில் நடத்தினார்கள், பரீட்சைக்கு நெட்டுரு போட்டு, எழுதிவிட்டு, மறந்துவிட்டேன்.

பஸ்ஸைப் பிடித்து மத்தியானமே தொழிற்சாலைக்குப் போனேன். சூப்பர்வைசரிடம் கெஞ்சி, சில்லை ரீடரில் சொருகி, உள்ளே இருந்ததை எல்லாம் அச்சடித்துக்கொண்டேன். ஈரெழுத்து எண்களாக இரண்டாயிரத்துக்கும் மேல். 75, 30, 60, 12 என்று வரிசை வரிசையாகப் பல தாள். கட்டளை அட்டவணை ஒன்றையும் இரவல் வாங்கினேன். பதினாறுக்குப் பதினாறு கட்டம் போட்ட ஒரே ஓர் அட்டை. இருநூற்று ஐம்பத்தைந்து கட்டத்தில் கட்டத்துக்கு ஒரு கட்டளை, ஒன்று மட்டும் காலி. அந்த மைக்ரோகண்ட்ரோலருக்கு உலகத்தில் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். எடு, வை, கூட்டு, கழி, தாவு, திரும்பு.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் மறுபடியும் தோட்டத்துக்கு வந்தேன். சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். பிள்ளைகளை அக்கா பக்கத்து வீட்டுக்கு விரட்டிவிட்டாள். அத்தான் வெளியே சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த சைக்கிளையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

சில கட்டளை ஓர் எண்ணோடு முடிந்துவிடும், சிலது இரண்டு, சிலது மூன்று. முதல் எண்தான் கட்டளை, பின்னால் வருவது அது வேலை செய்ய வேண்டிய பொருள். எது கட்டளை, எது பொருள் என்று தாளில் எந்த அடையாளமும் கிடையாது. ஓர் எண் தள்ளி ஆரம்பித்துவிட்டால் அத்தனையும் அர்த்தம் இருப்பது போலவே தோன்றும், ஒன்றும் உருப்படியாக இருக்காது. அன்று சாயங்காலம் முழுவதும் ஒரு பக்கத்தைக் கட்டளை கட்டளையாகப் பெயர்த்து எழுதினேன். அது கட்டளையே இல்லை, பெட்டியின் முகப்பில் எண் காட்டுவதற்கான வெறும் பட்டியல் என்று இருட்டும் நேரத்தில்தான் புரிந்தது. தாளைக் கசக்கி எறிந்தேன். அக்கா அதை எடுத்து நீவி, மறுபடியும் மேசை மேலேயே வைத்தாள். அவளுக்கு ஓர் எழுத்தும் புரியாது. அந்தக் காகிதம் ஒன்றைத்தான் அவள் நம்பியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தலையிலிருந்து ஆரம்பித்தேன். முதல் எண்ணிலிருந்து, அது எங்கே தாவச் சொல்கிறதோ அங்கே மட்டும் போனேன். நானாக எந்தப் பக்கத்தையும் புரட்டவில்லை. அது போகிற வழியிலேயே போனால்தான் அது என்ன செய்கிறது என்று தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. படிப்பில் யாரும் இதைச் சொல்லித்தரவில்லை, அல்லது நான் கேட்கவில்லை.

பதினொரு மணி வாக்கில் நேரம் எண்ணும் இடம் அகப்பட்டது. முப்பது என்று எண் போட்ட ஓர் இடத்தில் தொண்ணூற்றாறு என்ற தொகையை வைக்கிறது. மூன்று வினாடிக்கு ஒன்றாக அதைக் குறைக்கிறது. குறைத்தபின் மிச்சம் பூஜ்யமா என்று பார்க்கிறது, பூஜ்யம் என்றால் பச்சை விளக்கு. பட்டனுக்கான பகுதியும் கிடைத்தது. மொத்தம் நான்கே கட்டளை. E5 30, தொகையை எடு. 24 10, பதினாறைக் கூட்டு; இந்த எண்கள் பதினாறு பதினாறாக எண்ணுபவை, 10 என்றால் பதினாறு. F5 30, திரும்ப வை. 22, வந்த இடத்துக்குத் திரும்பு.

எட்டு பிட்டில் இருநூற்று ஐம்பத்தைந்துக்கு மேல் எழுத இடம் கிடையாது. அதற்கு மேல் ஒன்று கூட்டினால், பழைய லோரியின் மைல் மீட்டர் போல, திரும்பப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அப்படி வழிந்ததைச் சொல்வதற்கு மைக்ரோகண்ட்ரோலரிலேயே கேரி என்று ஒரு பிட் இருக்கிறது. கூட்டிய பிறகு அதைக் கேட்க வேண்டும். இந்த நான்கு கட்டளையில் கேட்கவே இல்லை. பத்துத் தடவை அமுக்கினால் நூற்று அறுபது, அதோடு தொண்ணூற்றாறு, மொத்தம் இருநூற்று ஐம்பத்தாறு. சரியாக வழிந்து பூஜ்யம். கண்டுபிடித்துவிட்டேன் என்று எழுந்தேவிட்டேன்.

பிறகு குறைக்கும் கட்டளையை அட்டையில் இன்னொரு தடவை பார்த்தேன். அது முதலில் ஒன்றைக் குறைத்துவிட்டு அப்புறம்தான் பூஜ்யமா என்று பார்க்கும். பூஜ்யத்திலிருந்து ஒன்று போனால் எட்டு பிட்டில் இருநூற்று ஐம்பத்தைந்து. ஆக, மறுபடி பூஜ்யத்துக்கு வர மொத்தம் இருநூற்று ஐம்பத்தாறு தடவை எண்ணும். பன்னிரண்டு நிமிஷம், நாற்பத்தெட்டு வினாடி. என்ஜினியர் பார்த்த அதே நேரம். புரோகிராம் எழுதியவனின் தப்பும் அதிர்ஷ்டமும் சேர்ந்து கணக்கு சரியாகிவிட்டது.

ஆக பெட்டி சரி. அத்தான்தான் பொய்.

வெளியே போனேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் துணியைக் கீழே வைத்தார். இரண்டு நாளாக உங்களுக்காக உட்கார்ந்திருக்கிறேன், இப்போதாவது உண்மையைச் சொல்லுங்கள் என்று கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அமுக்கினீர்களா, இல்லையா?

“அமுக்கினேன். பதினொன்னு.”

“பத்து அமுக்கினா சரியா வருது அத்தான். அவங்களும் பாத்துட்டாங்க, நானும் கணக்குப் போட்டுட்டேன்.”

“பத்து இல்ல. மூணு நாள் மழ, லீவு முடிஞ்சு முத டேங்கி. பத்து அமுக்கிட்டு ஒன்னு கூட வச்சேன். நம்மாளு யாராச்சும் பத்தோட நிறுத்துவானா?”

மொய் எழுதினால் பதினொன்று, நூற்றொன்று. கோயிலில் தேங்காய் உடைத்தாலும் பதினொன்று. பத்து, நூறு என்று பூஜ்யத்தில் நிறுத்தாமல் ஒன்று கூட வைப்பது எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காத விஷயம், எல்லாருக்கும் தெரியும். அவர் முதல் நாளே பதினொன்று என்றுதான் சொன்னாராம். வாக்குமூலத்தை எழுதிய ஆபீஸ் கிராணி அதைப் பத்துக்கு மேல் என்றாக்கினார். என்ஜினியர் அதைப் பத்து என்று வைத்துக்கொண்டார். நானும், இவ்வளவு பேசுகிறவள், பத்து என்றே கணக்குப் போட்டேன்.

உள்ளே ஓடிப்போய் எழுதினேன். தொண்ணூற்றாறு, அதோடு நூற்று எழுபத்தாறு. இருநூற்று எழுபத்திரண்டு. இருநூற்று ஐம்பத்தாறு வழிந்துபோனால் மிச்சம் பதினாறு. மூன்று வினாடி வீதம் நாற்பத்தெட்டு வினாடி. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை என்று ஆஸ்பத்திரியில் கிடந்தவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.

சந்தோஷம் வரவேண்டிய நேரத்தில் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. தீபாவளிக்கு முந்தின நாள் இதே வீட்டில் நான் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தேன். அத்தான் இரண்டு பக்க இங்கிலீஷ் தாள் ஒன்றை எடுத்துவந்து, புதுப் பெட்டி, இந்தப் பட்டனை எத்தனை தடவை வேண்டுமானாலும் அமுக்கலாமா, கொஞ்சம் படித்துச் சொல் என்று கேட்டார். என் கை முழுக்க மாவு. எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. தாளை வாங்கவே இல்லை. “அது கம்ப்யூட்டர் லா அத்தான். எத்தன தடவ அமுக்கினாலும் அது எண்ணிக்கும். கூட அமுக்கினா நல்லதுதான்” என்றேன். அவர் நம்பினார். வீட்டில் அதைப் படித்தவள் நான் ஒருத்திதானே.

திங்கட்கிழமை ஆலை ஆபீசில் அத்தான் விடிகாலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சில்லை மேசை மேல் வைத்துவிட்டு, என் கணக்குத் தாளை எடுத்து, பதினொரு தடவை அமுக்கிச் சோதிக்க வேண்டும் என்று சொன்னேன். என்ஜினியர் தாளை வாங்கிப் படித்தார். கோப்பிலிருந்து அந்த இரண்டு பக்கத் தாளை எடுத்து, இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, ஒரு வரியில் விரல் வைத்தார். ஆறு தடவைக்கு மேல் அமுக்க வேண்டாம் என்று அச்சடித்திருந்தது. காரணம் எதுவும் போடவில்லை.

“இதை மீறிப் பதினொரு தடவை அமுக்கலாம் என்று உனக்கு யார் சொன்னது?” என்று அத்தானைக் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் அத்தான் மலாயில் பதில் சொல்லிவிட்டார். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் அமுக்கினேன். சொல்லும்போது என் பக்கம் பார்க்கவே இல்லை.

டேங்கி காலியாக இருந்தது. என்ஜினியர் தானே பட்டனை அமுக்கினார். ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணினார். பத்தாவதுக்குப் பிறகு ஒரு கணம் நிறுத்தி, பதினொன்றாவதை அமுக்கினார். எல்லாரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம். அந்த நாற்பத்தெட்டு வினாடியில் நான் கடவுளிடம் கேட்டது, பச்சை எரிய வேண்டும் என்பது மட்டும்தான். ஒருவர் வெந்துபோகக் காரணமான அதே விளக்கு மறுபடியும் எரிய வேண்டும் என்று கேட்கிறேனே என்று கூசியது. ஆனாலும் கேட்டேன்.

எரிந்தது. பூட்டு தானாக விடுபட்ட சத்தம் எல்லாருக்கும் கேட்டது. என்ஜினியர் இன்னொரு தடவை பதினொன்று அமுக்கினார். இன்னொரு தடவையும் எரிந்தது. அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

வேலை போகவில்லை. வீடும் போகவில்லை. விற்றவர்களை வரவழைத்து புரோகிராமை மாற்றச் சொன்னார்கள், கதவுக் குழாயைத் திருகிப் பார்ப்பது மறுபடி கட்டாயமானது. தாளில் சொன்னதை மீறியதற்காக மட்டும் அத்தானுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். அவர் கையெழுத்துப் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் பெயர் இருக்க வேண்டிய கடிதம் அது.

லயத்துக்குத் திரும்பி நடக்கும்போது ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“நீதான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லியிருந்தா, நீ எழுதிக்கிட்டுப் போன தாள அவரு நம்பியிருப்பாரா? இந்தப் புள்ளக்கி ஒன்னும் தெரியாதுன்னு தூக்கிப் போட்டிருப்பாரு.”

அவர் சொன்னது சரிதான். அதனால் என் மனம் ஆறிவிடவில்லை. அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கூட்டாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், முறுக்கு மாவு உட்பட. கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். குழாயைத் திருகிப் பார்த்திருக்க வேண்டியவன் நான்தான் என்றார். அவர் மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை.

புதுப் புரோகிராம் வரும்வரை பெட்டி மேல் ஓர் அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்று என்ஜினியர் சொல்லி அனுப்பினார். மலாயில் அவர் எழுதிவிட்டார். தமிழில் எழுதித் தர வேண்டியது நான். ஒரு வெள்ளை அட்டையில், தடித்த பேனாவால், அக்கா வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். ஆறு தடவைக்கு மேல் அமுக்கக் கூடாது. கையில் மாவோடு இருந்த அன்று, தாளை வாங்கி இரண்டாம் பக்கத்தைத் திருப்பியிருந்தால் நான் அத்தானுக்குச் சொல்லியிருக்கக்கூடிய பதில் அந்த ஒரு வரிதான்.